தராசுக்கு முத்திரை உண்டு, சூதாட்ட மெஷினுக்கு யார் முத்திரை போடுவது?

தண்டையார்பேட்டை தராசு
இரவு 9.50

நான் எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ் செய்கிறவன். இருபது வருடமாக இதே வேலை. காசிமேட்டு மீன் கடை, மூலக்கடை மளிகை, கொருக்குப்பேட்டை பழைய இரும்புக் கடை என்று என் கை படாத தராசு இந்தப் பக்கம் குறைவு. தராசைத் திறந்தால் எடையை உணர்கிற ஒரு லோடு செல், ஒரு போர்டு, அந்த போர்டில் எடையைத் திருத்துகிற இடம். அதை யாரும் தொடக் கூடாது என்றுதான் கம்பி கோத்து ஈய முத்திரை வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் எடைக்கல் வைத்துப் பார்த்து முத்திரை போடுவார். முத்திரை அறுந்திருந்தால் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். கிலோவுக்கு ஐம்பது கிராம் கூட்டிக் காட்டுகிற மாதிரி செய்து கொடு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. செய்ததில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், என் மச்சான் மகன், 24 வயது, வீடு வீடாக டெலிவரி வேலை பார்க்கிறவன், எட்டு மாதம் போனில் ரம்மி ஆடி ஒன்றே முக்கால் லட்சம் விட்டிருக்கிறான். போன வருடம் ஆரம்பித்தது, வீட்டுக்குத் தெரிய வந்தபோது வண்டியும் அடமானத்தில் இருந்தது. அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மாமா, எனக்கு வேண்டிய சீட்டு எப்போதும் ஒன்று தள்ளித்தான் வந்தது. உள்ளே ஏதாவது வைத்திருப்பானா? நீங்கள்தானே மெஷின் திறக்கிறவர், சொல்லுங்கள்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தராசு என்றால் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். காசினோவைச் சட்டப்படி நடத்துகிற ஊர்களில் இதை யார் திறந்து பார்க்கிறார்கள்? கோவா கப்பலில் யார் பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் கப்பல்
இரவு 10.35

அண்ணே, நான் பயணிகள் கப்பலில் எலக்ட்ரீஷியனாக ஒன்பது வருடம் ஓடினவன், இப்போது ராயபுரத்தில்தான் இருக்கிறேன். எங்கள் கப்பலில் காசினோ உண்டு. துறைமுகத்தில் நிற்கும்போது பூட்டிவிடுவார்கள், வெளிக்கடல் போன பிறகுதான் திறப்பார்கள். காசு போட்டால் படச் சக்கரம் சுற்றுகிற ஸ்லாட் மெஷினில் பல்பு, பட்டன், நோட்டு வாங்குகிற பகுதி இதையெல்லாம் நான் மாற்றலாம். ஆனால் மூளை இருக்கிற போர்டுக்கு உள்ளேயே தனிப் பெட்டி, தனிப் பூட்டு, ஒட்டு முத்திரை. அதைத் திறக்க வேண்டுமானால் இரண்டு மூன்று பேர் கூட நின்று, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் திறப்பார்கள். உங்கள் ஈயக்குண்டு மாதிரியேதான்.

கரையில் இதற்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் நெவாடா மாநிலம். 1931ல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தார்கள், 1955ல் அதைக் கண்காணிக்கத் தனி வாரியம் வைத்தார்கள். மெஷினில் ஓடுகிற ப்ரோக்ராமை முதலில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்த ப்ரோக்ராமிலிருந்து கணக்குப் போட்டு ஒரு நீளமான எண் எடுப்பார்கள், ப்ரோக்ராமில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும் இன்ஸ்பெக்டர் காசினோவுக்கு வந்து, மெஷினைத் திறந்து, அதே எண் வருகிறதா என்று பார்ப்பார். போட்ட பணத்தில் கணக்குப்படி குறைந்தது 75 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குத் திரும்ப வரும்படி மெஷின் இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

கோவாவில் சட்டம் வேறு மாதிரி. கரையில் ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குள் மெஷின் மட்டும்தான் வைக்கலாம், ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடுகிற மேசை எல்லாம் ஆற்றில் நிற்கிற கப்பலில்தான்.

உங்கள் மச்சான் மகன் கேட்டாரே, ஒன்று தள்ளித்தான் வந்தது என்று. அதற்கு மெஷின் உலகத்தில் பெரிய கதையே இருக்கிறது. பழைய ஸ்லாட் மெஷினில் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் 20 படம் என்று வைத்துக்கொள்வோம். 20ஐ மூன்று தடவை பெருக்கினால் 8,000. அதாவது 8,000 சுற்றில் ஒரு தடவை பெரிய பரிசு விழும், அதற்கு மேல் பரிசை அரிதாக்க வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். 1984ல் டெல்னெஸ் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். சக்கரம் அதே 20 படத்தோடு சுற்றும், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று உள்ளே கம்ப்யூட்டர் 64 எண்ணிலிருந்து தேர்ந்தெடுக்கும். வெற்று இடத்துக்கு நிறைய எண், பெரிய பரிசுப் படத்துக்கு ஒரே ஒரு எண். இப்போது கணக்கு 8,000 கிடையாது, 2,62,144. பார்க்கிறவன் கண்ணுக்கு அதே சக்கரம்தான்! பரிசுப் படத்துக்கு ஒட்டி மேலும் கீழும் இருக்கிற வெற்று இடங்களுக்கு நிறைய எண் கொடுத்துவிட்டால், பரிசு "ஒன்று தள்ளி" நிற்பது அடிக்கடி நடக்கும். இதை வாரியம் அனுமதித்தது.

அதே காலத்தில் ஒரு ஜப்பானிய கம்பெனி இன்னும் ஒரு படி போனது. முதலில் தோல்வி என்று முடிவு செய்துவிட்டு, பிறகு கொஞ்சத்தில் தவறியது மாதிரி படத்தை வேண்டுமென்றே காட்டுகிற ப்ரோக்ராம். 1980களின் கடைசியில் நெவாடா அதைக் கூடாது என்று நிறுத்தியது. என்னைக் கேட்டால் இது பாதி வேலைதான். ஒன்றைத் தடுத்தார்கள், அதே வேலையைச் செய்கிற இன்னொன்றை விட்டுவிட்டார்கள்.

வியாசர்பாடி கோடர்
இரவு 11.10

கப்பல் அண்ணன் சொன்னது சரி, ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிட வேண்டாம். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், என் பயம் எப்போதும் சோதிக்கிற ஆளைப் பற்றித்தான்.

ரான் ஹாரிஸ் என்று ஒருவர். நெவாடா வாரியத்திலேயே மெஷின் சிப்பைச் சோதிக்கிற வேலை. 1990களின் தொடக்கத்தில், சோதிக்கப் போகிற கருவியிலேயே தன்னுடைய ப்ரோக்ராம் கோடு ஒன்றை வைத்து, அதன் மூலம் மெஷினுக்குள் ஏற்றிவிட்டார். அதன் பிறகு குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் மெஷின் பரிசைக் கொட்டும். 1995ல் அட்லாண்டிக் சிட்டியில் கீனோ என்கிற எண் ஆட்டத்தில் அவருடைய கூட்டாளி ஒரு லட்சம் டாலர் ஜெயித்தபோது சந்தேகம் வந்து இருவரும் மாட்டினார்கள். தராசு அண்ணா, முத்திரை போட வருகிற இன்ஸ்பெக்டரின் எடைக்கல்லே குறைந்த கல் என்றால் எப்படி இருக்கும், அதுதான் இது.

அடுத்தது எட்டி டிப்டன். அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளுக்குக் குலுக்கல் கம்ப்யூட்டர் கொடுக்கிற சங்கத்தின் தகவல் பாதுகாப்புத் தலைவர். வருடத்தில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் குலுக்கல் எண்ணை முன்கூட்டியே கணிக்க முடிகிற மாதிரி கோடு எழுதி வைத்தார். 2010 டிசம்பர் 29ல் 1.65 கோடி டாலர் பரிசு விழுந்த சீட்டை அயோவாவில் ஒரு பெட்ரோல் பங்க் கடையில் அவரே வாங்கினார், கேமராவில் பதிந்துவிட்டது. விஸ்கான்சின் மாநிலம் தன்னுடைய பழைய குலுக்கல் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அந்தக் கோடு கைக்குக் கிடைத்தது. 2017ல் 25 வருடம் வரை சிறை என்று தீர்ப்பு. பழைய மெஷினைப் பத்திரமாக வைத்தால் எவ்வளவு பெரிய ஆளையும் பிடிக்கலாம் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

மூன்றாவது, ரஷ்யா. 2009ல் நான்கு மண்டலங்களைத் தவிர மற்ற இடங்களில் காசினோவை மூடினார்கள். மெஷின்கள் வெளியே மலிவாக விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்து, எண்ணைத் தேர்ந்தெடுக்கிற கணக்கு எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 2014ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு காசினோவில் மெஷின்கள் வழக்கத்துக்கு மாறாகப் பணம் கொடுத்தன. கேமராவைப் பார்த்தால் ஒரு ஆள் போனை மெஷின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஆடுகிறான். படம் ரஷ்யாவுக்குப் போகும், அங்கே கணக்குப் போட்டு, எப்போது அழுத்த வேண்டும் என்று போன் அதிர்ந்து சொல்லும். அந்த மெஷின்கள் முறையாகச் சோதித்து முத்திரை வாங்கியவைதான். சோதித்த வருடத்தில் பாதுகாப்பாக இருந்தது, பத்து வருடம் கழித்துப் பாதுகாப்பாக இல்லை. உங்கள் தராசுக்கு வருடா வருடம் முத்திரை புதுப்பிக்கிறார்களே, அது எவ்வளவு நல்ல பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்டையார்பேட்டை தராசு
இரவு 11.25

எடைக்கல்லே குறைந்த கல் என்றால்... தம்பி, இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது. சரி, நம் ஊருக்கு வாருங்கள். ரம்மி ஆப்பை யாராவது திறந்து பார்த்தார்களா?

ஹைகோர்ட் ஓரம்
மறுநாள் காலை 7.15

வழக்கறிஞராக இருக்கிறேன், என் அலுவலகம் தம்பு செட்டித் தெருவில். நம் ஊரில் நடந்தது எனக்கு மனவருத்தம் தருகிற கதை, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சட்டம் மெஷினுக்குள் பார்க்கவே இல்லை. கேட்டது ஒரே கேள்வி, இது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? 1968ல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு ரம்மி என்றால் கிளப்பில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து, முகம் பார்த்து, ஒருவர் சீட்டுக் கலைத்து ஆடுவது. அந்தத் தீர்ப்பையே தூக்கிக்கொண்டு வந்து, யார் சீட்டுக் கலைக்கிறார், எதிரே இருப்பது மனிதனா என்றே தெரியாத ஆப்புக்கு வைத்தார்கள். 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது, 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தொழில்நுட்பம் தெரிந்தவர், காவல் துறை அதிகாரி எல்லோரும் இருந்தார்கள். அக்டோபரில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார், அதே மாதம் சபை மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பட்டியல் செல்லாது, நேரம் வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்தலாம் என்றது.

அதை வைத்துத்தான் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. 18 வயதுக்குக் கீழே கிடையாது. ஆதார் வைத்து ஆளைச் சரிபார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் தாண்டி ஆடினால் அரை மணிக்கு ஒரு தடவை, இவ்வளவு நேரம் ஆடிவிட்டாய், இவ்வளவு பணம் போயிருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும். கம்பெனிகள் வழக்குப் போட்டன, 2025 ஜூனில் விதிகள் செல்லும் என்று தீர்ப்பு. மூன்று மாதம் கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 22ல் மத்திய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார், திறமையோ அதிர்ஷ்டமோ பணம் வைத்து ஆன்லைனில் ஆடுகிற எல்லாமே தடை. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

தராசு சார் கேட்டதற்குப் பதில், ஐந்து வருடம் கோர்ட்டில் நடந்த சண்டை ஆட்டத்தின் பெயரைப் பற்றித்தான். நெவாடாவில் 2015லேயே திறமை கலந்த மெஷினுக்கும் சட்டம் போட்டு அனுமதித்துவிட்டார்கள், இரண்டுமே ஒரே வாரியத்தின் கண்காணிப்பில். அங்கே அந்தக் கேள்வி பெரிய சுவராக இல்லை.

செல்வி எண்ணூர்
காலை 9.40

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். மெஷின் நேர்மையாக இருந்தால் போதுமா?

என் வீட்டுக்காரருக்கு லாட்டரிப் பழக்கம். 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது நான் சாமிக்குச் சூடம் ஏற்றினேன். ஒரு வருடம் கூட நிம்மதியாக இல்லை. கேரளா லாட்டரியில் விழுகிற எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து, டீக்கடை ஓரத்தில் துண்டுச் சீட்டில் எழுதி விற்க ஆரம்பித்தார்கள். அப்புறம் துண்டுச் சீட்டும் போய் வாட்ஸ்அப்பில் எண் அனுப்பினால் போதும் என்று ஆனது. கேரளாவில் அந்தக் குலுக்கலை எல்லோரும் பார்க்க மெஷின் வைத்து நேர்மையாகத்தான் நடத்துகிறார்கள். அதில் ஒரு திருட்டும் இல்லை. ஆனால் என் தோடு போச்சு, என் அம்மா போட்ட வளையல் போச்சு, பையன் ஃபீஸ் போச்சு. தராசு அண்ணா, உங்கள் தராசு சரியாக இருந்தால் வாங்குகிறவனுக்கு ஒரு கிலோ மீன் கிடைக்கும். இந்த மெஷின் சரியாக இருந்தால் என்ன கிடைக்கும்?

தண்டையார்பேட்டை தராசு
காலை 10.05

அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். 75 சதவீதம் திரும்ப வர வேண்டும் என்பது விதி என்றால், 25 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அதே விதிதான். மறுபடி மறுபடி போட்டால் எல்லாமே போய்விடும். என் முத்திரை, எடை சரி என்று சொல்கிறது. அந்த மெஷின் மேல் இருக்கிற முத்திரை, சொன்ன அளவுக்குத்தான் எடுக்கிறது என்று சொல்கிறது. இரண்டையும் நேற்று இரவு ஒன்றாக நினைத்தது என் தப்பு.

வியாசர்பாடி கோடர்
காலை 10.50

அக்கா கேட்ட இடத்துக்குத்தான் பிரிட்டன்காரர்களும் கடைசியில் வந்து சேர்ந்தார்கள், ஆனால் வெகு நேரம் எடுத்துக்கொண்டார்கள். 2001 வாக்கில் அங்கே பந்தயக் கடைகளில் ரூலட் என்கிற எண் சக்கர ஆட்டம் ஆடுகிற மெஷின்கள் வந்தன. மெஷின் கடையில் இருக்கிறது, முடிவு எடுக்கிற கம்ப்யூட்டர் வேறு இடத்தில் இருக்கிறது, ஆகவே இது சூதாட்ட மெஷின் கிடையாது, தூரத்தில் நடக்கிற ஒன்றின் மேல் பந்தயம் என்று கம்பெனிகள் வாதம் செய்தன. 20 விநாடிக்கு ஒரு தடவை 100 பவுண்ட் வரை வைக்கலாம். 2005 சட்டத்தில் அதை மெஷின் என்றே சேர்த்தார்கள், ஆனால் 100 பவுண்டைக் குறைக்கவில்லை. 2 பவுண்டாகக் குறைத்தது 2019 ஏப்ரலில். நடுவில் எத்தனை குடும்பம் போயிருக்கும்.

அதன் பிறகு அவர்கள் பார்க்கிற இடம் மாறியது, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2021 அக்டோபரிலிருந்து ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டரை விநாடி ஆக வேண்டும். தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற பட்டன் கூடாது. பத்து ரூபாய் வைத்து நான்கு ரூபாய் வந்தால் அது ஆறு ரூபாய் நஷ்டம்தானே, அதற்குப் போய் மணி அடித்து விளக்குப் போட்டு ஜெயித்த மாதிரி காட்டுவார்கள், அதுவும் கூடாது. 2025ல் ஒரு சுற்றுக்கு 5 பவுண்ட் உச்சவரம்பு, 18 முதல் 24 வயதுக்காரர்களுக்கு 2 பவுண்ட். திரும்ப எடுத்தது போக மாதம் 150 பவுண்டுக்கு மேல் கணக்கில் போட்டால், கம்பெனியே அவர் கடனில் இருக்கிறாரா என்று பொதுப் பதிவுகளில் பார்க்க வேண்டும். இதில் எதுவுமே சீட்டு நேர்மையாக விழுகிறதா என்ற கேள்வி கிடையாது. எவ்வளவு வேகம், எவ்வளவு பணம், எந்த வயது.

நான் கோடு பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், இன்றைக்கு ஆப்பின் ஆபத்து சீட்டுக் கலைக்கிற வரியில் கம்மி. எந்த ஆள் எத்தனை மணிக்குத் தோற்றால் மறுபடி பணம் போடுவான் என்று கணக்கு வைத்து, அந்த நேரத்தில் போனஸ் மெசேஜ் அனுப்புகிற வரியில்தான் அதிகம். அதைத்தான் ஆணையம் திறந்து பார்க்க வேண்டும்.

ராயபுரம் கப்பல்
மதியம் 1.20

செல்வி அக்காவுக்கு ஒன்று. எங்கள் கப்பல் சிங்கப்பூர் போகும். அங்கே 2010ல் காசினோ திறந்தார்கள். வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, உள்ளூர்க் குடிமகனுக்கு ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டாலர், 2019ல் அதை 150 ஆக்கினார்கள். அது மட்டும் கிடையாது. ஒரு ஆளால் குடும்பம் பாதிக்கப்பட்டால், மனைவியோ பிள்ளையோ விண்ணப்பம் போட்டு அவரை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வாசலிலேயே அடையாள அட்டை பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செல்வி எண்ணூர்
மதியம் 2.00

மனைவி சொன்னால் நிறுத்துவார்களா! இது எனக்கு முப்பது வயதில் கிடைத்திருந்தால்...

வக்கீல் சார், இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எல்லாம் தடை என்றீர்கள். போன வாரம் என் சின்னப் பையன் போனில் டெலகிராமில் ஒரு லிங்க் வந்திருக்கிறது, விமானம் மேலே போகிற மாதிரி ஒரு ஆட்டம், எழுநூறு ரூபாய் போட்டிருக்கிறான். ஜிபே கணக்கில் பார்த்தால் ஏதோ ஒரு ஸ்டோர்ஸ் பெயருக்குப் போயிருக்கிறது. இதற்கு எந்த ஆணையத்தில் சொல்வது?

ஹைகோர்ட் ஓரம்
மதியம் 2.30

அம்மா, எனக்கும் இதுதான் கவலை. அந்த ஆட்டத்துக்கு எந்த ஆய்வுக்கூடமும் இல்லை, எந்த அலுவலகமும் இல்லை, இரவு 12 மணிக்கு நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. பணம் போகிற வழியை அடைக்கத்தான் முடியும். இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு வங்கிகள் பணம் அனுப்பிக் கொடுக்கக் கூடாது என்று புதிய சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் சொன்ன அந்த ஸ்டோர்ஸ் பெயர்தான் முக்கியமான ஆதாரம். உடனே 1930க்கு போன் செய்யுங்கள், சைபர் குற்றப் புகார் எண் அது. எழுநூறு ரூபாய்தானே என்று விட வேண்டாம், அதே கணக்கின் மேல் பத்துப் பேர் புகார் கொடுத்தால் வங்கி முடக்க வேண்டி வரும். பையனைத் திட்டி போனைப் பிடுங்காதீர்கள், அவன் மனது சரியில்லை என்று தெரிந்தால் 104 என்கிற மருத்துவ உதவி எண்ணில் பேசலாம்.

தடையா ஒழுங்குமுறையா என்பதில் எனக்கு இன்னும் முழு முடிவு வரவில்லை. ஆனால் தடை என்று எழுதிவிட்டோம், இனி யாரும் மெஷினைப் படிக்க வேண்டாம் என்று ஆணையத்தில் இருப்பவர்கள் கணக்கை மூடி வைத்துவிட்டால் நமக்கு நஷ்டம்.

செல்வி எண்ணூர்
மாலை 5.45

போன் செய்தேன். நம்பர் கொடுத்தார்கள். பணம் போன நேரம், யுபிஐ எண், எல்லாம் கேட்டார்கள். பையன் பக்கத்தில் உட்கார்ந்து அவனே படித்துச் சொன்னான். அழுதான்.

தண்டையார்பேட்டை தராசு
மாலை 6.10

அக்கா, அந்த லிங்க், பணம் போன மெசேஜ் இரண்டையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினைத் தூக்கிப் போடாததால்தான் ஒருத்தன் மாட்டினான் என்று தம்பி எழுதினாரே. நாளைக்கு எர்ணாவூரில் ஒரு இறால் கடை தராசு பார்க்க வருகிறேன், பதினொரு மணிக்கு முடிந்துவிடும். மச்சான் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் பையனிடம் நான் பேசுவதைவிட அவன் பேசினால் காதில் விழும். விலாசத்தை இங்கே போட வேண்டாம், தனியாக அனுப்புங்கள்.